லினக்ஸ் மின்ட்டில் தினமும் அப்டேட், நடுவில் கரண்ட் கட்: என்ன செய்வது?

கடைக்கணக்கு:
வணக்கம். ரங்கூன் தெயின்ஜி சந்தை பக்கம் மாமாவின் மசாலாக் கடையில் கணக்கு பார்க்கிறேன். பழைய லேப்டாப்பில் விண்டோஸ் தவழ்ந்ததால் மூன்று வாரம் முன்பு லினக்ஸ் மின்ட் 22 போட்டேன். வேகம் நன்றாக இருக்கிறது. ஆனால் தினமும் அப்டேட் கேட்கிறது. நேற்று 43! பேட்டரி செத்த லேப்டாப். பாதியில் கரண்ட் போய்விட்டது. திரும்பத் திறந்தால் டிபிகேஜி (மென்பொருளை நிறுவும் கருவி) பாதியில் நின்றுவிட்டது என்று சொல்லி எதையும் போட மறுக்கிறது. "ஓடிக்கிட்டு இருந்ததைக் கெடுத்துட்டியே" என்கிறார் மாமா. தினமும் போடத்தான் வேண்டுமா? டேட்டாவும் போனிலிருந்துதான்.

கிழப்பெங்குவின்:
தம்பி, ஒன்றும் கெடவில்லை. டெர்மினலில் (கட்டளை தட்டும் திரை) எல்லாம் சின்ன எழுத்தில் சூடோ டிபிகேஜி, இடம் விட்டு இரண்டு கோடும் (ஹைபன்) கான்ஃபிகரும், மறுபடி இடம் விட்டு ஒரு கோடும் ஏ-யும். பாதியில் நின்றதை அதுவே முடித்துக்கொள்ளும்.

43 என்று மிரளாதீர்கள். விண்டோஸில் பிரௌசர், ஆபீஸ் எல்லாம் தனித்தனியே சத்தமில்லாமல் புதுப்பித்துக்கொள்ளும். இங்கே கர்னல் (சிஸ்டத்தின் மையக்கரு) முதல் லிப்ரே ஆபீஸ் வரை ஒரே வாசல். லிப்ரே ஆபீஸ் ஒன்றே பல பொட்டலமாக (பேக்கேஜ்) வரும்.

பாதுகாப்பு அப்டேட்டும் பிரௌசரும் வந்தவுடன் போடுவேன். மற்றதெல்லாம் ஞாயிற்றுக்கிழமைதான். டவுன்லோடு பாதியில் அறுந்தால் சேதமில்லை. இன்ஸ்டால் ஆகும்போது கரண்ட் போவதுதான் வம்பு. அதனால் இரண்டையும் பிரியுங்கள். சூடோ ஏபிடி அப்கிரேட் என்ற கட்டளையின் பின்னால் இடம் விட்டு ஒரு கோடும் டி-யும் போட்டால் இறக்கி மட்டும் வைக்கும். கரண்ட் வந்த கையோடு இன்ஸ்டால் செய்யுங்கள், அது பெரும்பாலும் சில நிமிஷ வேலை.

மோல்மேன் அக்கா:
லினக்ஸ் ஃபர்ம்வேர் (வைஃபை மாதிரி வன்பொருளுக்கான கோப்புகள்) என்று ஒன்று வரும், பல நூறு எம்பி. போன் டேட்டாவில் இறக்காதே, வைஃபை கிடைக்கிற இடத்துக்குத் தூக்கிக்கொண்டு போ. கர்னல் போடும் முன் டைம்ஷிஃப்ட்டில் (சிஸ்டத்தைப் பழைய நிலைக்கு மீட்கும் கருவி) ஒரு ஸ்னாப்ஷாட் (அப்போதைய நிலையின் நகல்) எடு. புது கர்னல் மக்கர் செய்தால் கிரப் மெனுவில் (கணினி தொடங்கும்போது வரும் பட்டியல்) பழையது இருக்கும். ஆனால் டைம்ஷிஃப்ட் வழக்கமாக உன் சொந்தக் கோப்புகளைத் தொடாது. கடைக் கணக்கைப் பென்டிரைவில் தனியாக வை.

கடைக்கணக்கு:
ஒரு கோடு குறைத்துப் போட்டு இரண்டு தடவை திட்டு வாங்கினேன். அப்புறம் ஓடியது! லிப்ரே ஆபீஸ் பெயராகவே வரிவரியாக ஓடியது, அண்ணன் சொன்னபடி. டிஸ்க் 128 ஜிபிதான், ஸ்னாப்ஷாட்டுக்கு இடம் போதுமா?

மோல்மேன் அக்கா:
இரண்டுக்கு மேல் வைக்காதே. பழையதை அழித்துவிட்டுப் புதிதாக எடு.