அப்பத்தா வீட்டு வகையறா

வியாழக்கிழமை

சாந்தி, இரவு 7.40: கார்த்திக்கு டெங்கு என்று சேர்த்தோமே, இன்றைய ரிசல்ட் வந்துவிட்டது. பிளேட்லெட் நேற்று 81 ஆயிரம், இன்று 48 ஆயிரம். டாக்டர் பார்த்தார், சலைன் அளவை மாற்றச் சொன்னார், அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை.

ரவி, 7.44: போன மழைக்கு எங்கள் ஆபீஸில் ஒருவருக்கு 60 ஆயிரத்திலேயே பிளேட்லெட் ஏற்றினார்கள். இங்கே கேட்டால் பார்க்கலாம் பார்க்கலாம் என்கிறார்கள். ராத்திரியே வேறு ஆஸ்பத்திரிக்கு மாற்றிவிடலாமா?

செந்தில், 7.46: அத்தை, பயப்படாதீர்கள். பி பாசிட்டிவ்தானே, ஸ்டேட்டஸ் போட்டுவிட்டேன். மேலூரிலிருந்து இரண்டு பேர் கிளம்பவா என்று கேட்கிறார்கள்.

வசந்தா, 7.51: சாந்தி, கொல்லையில் பப்பாளி இலை ஒரு கூடை பறித்துவிட்டேன். காலையில் பெரியார் பஸ் ஸ்டாண்ட் போகிற முதல் பஸ்ஸில் கொடுத்தனுப்புகிறேன். ரவியை வந்து வாங்கிக்கொள்ளச் சொல்.

முருகேசன், 7.53: (முன்னனுப்பிய வீடியோ) ஒரே இரவில் பிளேட்லெட் ஒரு லட்சம் ஏறும் அதிசயச் சாறு. அனைவருக்கும் பகிரவும்.

மீனா, 8.20: இப்போதுதான் ரத்த வங்கியிலிருந்து வெளியே வந்தேன், குழுவில் 37 மெசேஜ். செந்தில் அண்ணே, யாரையும் கிளப்பாதே. அத்தை, நான் டெக்னீஷியன்தான், டாக்டர் இல்லை, ஆனாலும் நாலு கேள்வி கேட்கிறேன். காய்ச்சல் எத்தனையாவது நாள்? இன்று காய்ச்சல் இருக்கிறதா? அந்தத் தாளில் பி.சி.வி. என்று ஒன்று இருக்கும், ரத்தத்தில் சிவப்பணு எத்தனை சதவீதம் என்கிற கணக்கு, எவ்வளவு? ஒன்றுக்குப் போகிறானா?

சாந்தி, 8.24: சனிக்கிழமை ஆரம்பித்தது, இன்று ஆறாவது நாள். காலையிலிருந்து காய்ச்சல் இல்லை, அதனால்தான் நிம்மதியாக இருந்தோம். பி.சி.வி. நேற்று 42, இன்று 44. ஒன்றுக்கு நன்றாகப் போகிறான். வாந்தி இல்லை, வயிற்று வலி இல்லை.

மீனா, 8.25: ஈறில், மூக்கில் ரத்தம்? மலம் கறுப்பாகப் போகிறதா?

சாந்தி, 8.26: இல்லை. காலில் மட்டும் சிவப்பாகப் பொட்டுப் பொட்டாக இருக்கிறது.

மீனா, 8.41: சரி, கேளுங்கள். நம் ஊர்க் கண்மாயை நினைத்துக்கொள்ளுங்கள். கரையில் ஒரு இடத்தில் உடைப்பு எடுத்தால் முதலில் பார்த்தவன் ஓடிப்போய் அதில் விழுந்து கிடப்பான், கிடந்தபடியே மற்றவர்களைக் கூப்பிடுவான், அவர்கள் வந்து ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு நிற்பார்கள், அப்புறம் முள்ளும் வைக்கோலும் போட்டு இறுக்குவார்கள். பிளேட்லெட்டும் அதைத்தான் செய்கிறது. ரத்தக்குழாயின் உள்பூச்சு கிழிந்ததும் அடியில் இருக்கிற கொலாஜன் வெளியே தெரியும். வான் வில்லிபிராண்ட் என்கிற ஒரு புரதம் அதில் கொக்கி மாதிரி மாட்டிக்கொண்டு, ஓடுகிற பிளேட்லெட்டைப் பிடித்து நிறுத்தும். நின்றது கால் கை முளைத்த மாதிரி உருவம் மாறி, ஏ.டி.பி., திராம்பாக்சேன் என்று சில ரசாயனங்களைக் கக்கும், அதுதான் கூப்பாடு. வந்தவை ஒன்றோடொன்று ஃபைப்ரினோஜன் என்கிற புரதத்தால் கோர்த்துக்கொள்ளும். அதன் மேல் ஃபைப்ரின் வலை விழுந்தால் அடைப்பு உறுதியாகிவிடும்.

மீனா, 8.49: ஆனால் டெங்குவில் பெரும்பாலும் கரை உடைவதில்லை, கசிகிறது. சின்னச் சின்னக் குழாய்களின் சுவர் தளர்ந்து தண்ணீர்ப் பகுதி மட்டும் வெளியே போய்விடும், உள்ளே இருக்கிற ரத்தம் கெட்டிப்படும். அதைக் காட்டுவதுதான் பி.சி.வி. கசிகிற கரைக்கு ஆள் கூட்டி என்ன செய்வது? அதற்கு வேண்டியது அளவாக சலைன், அதைத்தான் உங்கள் டாக்டர் பார்த்து மாற்றியிருக்கிறார். 42 ஏறி 50 பக்கம் போனால் கவலைப்பட வேண்டும், 44 அப்படியில்லை. காய்ச்சல் விட்ட பிறகு வருகிற ஒன்றிரண்டு நாள்தான் கவனமாக இருக்க வேண்டியது, அதனால் இப்போது வேறு இடத்துக்குத் தூக்கிக்கொண்டு அலையாதீர்கள் மாமா. வயிறு விடாமல் வலித்தாலோ, வாந்தி நிற்காவிட்டாலோ, கை கால் சில்லிட்டாலோ, எங்காவது ரத்தம் வந்தாலோ உடனே நர்ஸைக் கூப்பிடுங்கள். காலில் இருக்கிற பொட்டையும் ரவுண்ட்ஸில் காட்டிவிடுங்கள்.

ரவி, 8.52: அப்போது 48 ஆயிரத்துக்கு ஏற்ற வேண்டாமா?

மீனா, 9.00: ரத்தப்போக்கு இல்லாவிட்டால் பொதுவாக 10 ஆயிரத்துக்குக் கீழே போகும் வரை ஏற்றுவதில்லை. இப்போது ஏற்றினால் டெங்கு அதையும் சீக்கிரமே தின்றுவிடும், சலைனோடு இதுவும் சேர்ந்தால் உடம்பில் நீர் கூடிப்போகும். பிளேட்லெட் பையை நாங்கள் ஃபிரிட்ஜில்கூட வைக்க முடியாது மாமா. 20 முதல் 24 டிகிரியில், தொட்டில் மாதிரி ஆடிக்கொண்டே இருக்கிற தட்டில் வைத்திருப்போம், ஐந்தே நாள்தான் தாங்கும். லுக்கேமியா என்கிற ரத்தப் புற்றுநோய்க்கு மருந்து ஏறுகிற பிள்ளைகள் அதற்காகக் காத்திருப்பார்கள். இன்னொன்று, வீட்டில் இருந்தபோது உடம்பு வலிக்கு ஏதாவது மாத்திரை கொடுத்தீர்களா?

ரவி, 9.03: மெடிக்கலில் ஒரு வலி மாத்திரை தந்தார்கள். பெயர் ஞாபகம் இல்லை. மூன்று போட்டான்.

மீனா, 9.05: அட்டையைத் தேடி டாக்டரிடம் காட்டுங்கள். ஐபுபுரோஃபென், டைக்ளோஃபெனாக், ஆஸ்பிரின் எதுவும் டெங்குவுக்கு ஆகாது. இருக்கிற கொஞ்சம் பிளேட்லெட்டையும் அவை வேலை செய்ய விடாது. பாராசிட்டமால் மட்டும்தான், அதுவும் டாக்டர் சொன்ன அளவில்.

வசந்தா, 9.07: என் பப்பாளி இலையை என்ன செய்ய?

மீனா, 9.10: கோபிக்காதீர்கள் பெரியம்மா. எண்ணிக்கை கொஞ்சம் சீக்கிரம் ஏறியதாகச் சின்ன ஆய்வுகள் இருக்கின்றன, கசிவை நிறுத்தியதாக இல்லை. காய்ச்சல் ஆரம்பித்த ஏழெட்டு நாளில் எண்ணிக்கை தானாகவே ஏறும், பேர் இலைக்குப் போகும். கசப்பில் அவன் வாந்தி எடுத்துவிட்டால் அது டெங்கு வாந்தியா இலை வாந்தியா என்று யாருக்கும் தெரியாது.

முருகேசன், 9.16: மீனா சொன்னது சரிதான். நானும் அதனால்தான் முன்ஜாக்கிரதையாக ஞாயிற்றுக்கிழமையிலிருந்து என் ரத்தம் இளக்கும் மாத்திரையை நிறுத்தி வைத்திருக்கிறேன். ஊரெல்லாம் டெங்கு, இருக்கிற பிளேட்லெட்டை நாமே ஏன் குறைக்க வேண்டும்.

மீனா, 9.16: பெரியப்பா

மீனா, 9.17: எந்த மாத்திரை? இதயக் குழாயில் வைத்த ஸ்டென்ட்டுக்குக் கொடுத்ததா? இரண்டுமா?

முருகேசன், 9.18: இரண்டும்தான். ஆஸ்பிரினும், குளோபிடோகிரலும்.

செந்தில், 9.18: அப்பா!!! ஸ்டென்ட் வைத்து நாலு மாதம்கூட ஆகவில்லை.

மீனா, 9.27: பெரியப்பா, அந்த மாத்திரை ஒரு பிளேட்லெட்டைக்கூடக் குறைக்காது, ரத்தத்தையும் தண்ணீர் மாதிரி ஆக்காது. கூப்பாடு போடுகிற வாயைக் கட்டுகிறது, அவ்வளவுதான். ஆஸ்பிரின் பட்ட பிளேட்லெட் தன் ஆயுள் முழுக்க, அதாவது எட்டுப் பத்து நாள், திராம்பாக்சேனைக் கக்க முடியாது. குளோபிடோகிரல் ஏ.டி.பி. கூப்பாட்டைக் காதில் விழாமல் செய்கிறது. நல்ல குழாய்க்குள் இந்தக் கட்டு தேவையில்லை, உள்பூச்சே நைட்ரிக் ஆக்சைடும் புரோஸ்டாசைக்ளினும் சுரந்து பிளேட்லெட்டை ஒட்டவிடாமல் பார்த்துக்கொள்ளும். உங்கள் குழாயில் இருப்பது கம்பி. அதன் மேல் உள்பூச்சு படர்ந்து மூட மாதக்கணக்கில் ஆகும், அது வரைக்கும் பிளேட்லெட் அதை உடைப்பு என்று நினைத்துப் போய் விழத் தயாராக நிற்கும். எலும்பு மஜ்ஜை தினமும் பத்தில் ஒரு பங்கு பிளேட்லெட்டைப் புதுசாக இறக்குகிறது. நீங்கள் நிறுத்தி ஐந்து நாள், கிட்டத்தட்ட பாதிப் பேர் வாய் திறந்துவிட்டார்கள். இந்தக் குழுவில் இப்போது எனக்குப் பயம் கார்த்தியைப் பற்றி இல்லை, உங்களைப் பற்றித்தான்.

மீனா, 9.28: நெஞ்சில் அழுத்தம், இடது கை வலி, வியர்வை ஏதாவது இருக்கிறதா? இருந்தால் இதைப் படிக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள். இல்லையென்றால் இப்போதே உங்கள் இதய டாக்டருக்குப் போன் செய்யுங்கள், எத்தனை மாத்திரை போட வேண்டும் என்று அவர்தான் சொல்ல வேண்டும், விட்டதைச் சேர்த்துப் போட்டுவிடாதீர்கள்.

சாந்தி, 9.31: அண்ணே, ஏன் இப்படிச் செய்தாய். போன் பண்ணு முதலில்.

வசந்தா, 9.50: நெஞ்சு வலி எதுவும் இல்லை. டாக்டரிடம் பேசிவிட்டோம், நன்றாகத் திட்டு விழுந்தது. இப்போது போட வேண்டியதைச் சொன்னார், என் கண் முன்னால் போட்டார். காலையில் இ.சி.ஜி. எடுக்க வரச் சொல்லியிருக்கிறார். ஐந்து நாளும் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை இந்த மனுஷன்.

மீனா, 9.52: இனி தினமும் மாத்திரை போட்டதும் காலி அட்டையைப் படம் எடுத்துக் குழுவில் போட வேண்டும்.

வெள்ளிக்கிழமை

சாந்தி, காலை 10.15: 39 ஆயிரம். ஆனால் பி.சி.வி. 41 ஆகிவிட்டது. டாக்டர் சலைனைக் குறைத்துவிட்டார். இரண்டு இட்லி சாப்பிட்டான்.

மீனா, 10.20: கசிவு நிற்கிற மாதிரி இருக்கிறது அத்தை. எண்ணிக்கை பின்னாலேயே வரும்.

வசந்தா, பகல் 12.05: இ.சி.ஜி. பழையபடியே இருக்கிறதாம்.

முருகேசன், இரவு 9.02: (படம்)

சனிக்கிழமை

சாந்தி, காலை 10.40: 58 ஆயிரம்!!!

கார்த்தி, 10.42: பன் பரோட்டா எப்போது

ரவி, 10.43: போனை யார் கொடுத்தது இவனிடம்?

வசந்தா, 11.00: இலையை ஆட்டுக்குப் போட்டுவிட்டேன்.

முருகேசன், இரவு 9.05: (படம்)

மீனா, 9.09: பெரியப்பா, இது நேற்று அனுப்பிய படம். அதே அட்டை, அதே காப்பித் தம்ளர்.