விரலில் மை: தப்பிக்கும் கதைக்கு நடுப்பகுதி தேடியபோது

அந்திமந்தாரை:

முதல் பக்கத்திலேயே அவளை வீட்டைவிட்டு வெளியேற்றிவிட்டேன். நள்ளிரவு, மழை, கையில் ஒரு துணிப்பை, உள்ளே குறட்டைவிட்டுத் தூங்கும் கணவன். எழுதும்போது எனக்கே மயிர்க்கூச்செறிந்தது. பன்னிரண்டாம் பக்கம் வந்ததும் கதை படுத்துவிட்டது. அவள் ஓடுகிறாள், அவன் துரத்துகிறான். திண்டிவனத்தில் தப்பினால் விழுப்புரத்தில் மாட்டுகிறாள். ஊர்ப் பெயர்களை மாற்றி மாற்றிப் போடுவதைத் தவிர எனக்கு வேலையே இல்லை. நான் எழுதுவது ரயிலில் படித்துவிட்டு இருக்கையிலேயே விட்டுப்போகிற மாத நாவல்தான். அதற்கும் ஒரு நடுப்பகுதி வேண்டுமே.

அந்த வாரம் ஒரு புடவைக்கு ஃபால்ஸ் தைக்கக் கொடுக்கப் போயிருந்தேன். எங்கள் தெரு முனையில் மாடிப்படிக்குக் கீழே ஒரு தையல் மிஷினைப் போட்டுக்கொண்டு ஒரு பெண் உட்கார்ந்திருப்பார். என்னைவிடப் பத்து வயது சின்னவர். முகம் ஏன் வாடியிருக்கிறது என்று கேட்டார். கதையைச் சொன்னேன்.

"ஓடுகிற ராத்திரியில் என்ன அக்கா இருக்கிறது? அது ஒரே ராத்திரி. அதற்கு முந்தைய ஒன்றரை வருடத்தை எழுதுங்கள்" என்றார், நூலைப் பல்லால் கடித்தபடி.

பிறகு இதைச் சொன்னார். ஒரு பெண் ஒரே நீலப் புடவையைத் திரும்பத் திரும்பக் கொண்டுவருவாளாம், ஃபால்ஸ் பிரிந்துவிட்டது என்று. ஒவ்வொரு முறையும் சரியாக நான்கு விரல் அகலத்துக்குத்தான் பிரிந்திருக்கும். மூன்றாவது முறை கையை உள்ளே விட்டுப் பார்த்ததும் இவருக்குப் புரிந்துவிட்டது. ஐந்நூறு ரூபாய் நோட்டுகள். இருவரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை. அடுத்த முறையிலிருந்து இவரே நான்கு விரல் இடம் விட்டுத் தைத்துக் கொடுத்திருக்கிறார். புது நோட்டு கூடாதாம், நடக்கும்போது சலசலக்கும். கசங்கிய பழைய நோட்டுதான் துணியோடு துணியாகக் கிடக்கும். அதையும் நான்காக மடிக்கக் கூடாது, கொசுவம் விழாது. நீளவாக்கில் ஒரே மடிப்பு.

இருபத்து மூன்று நோட்டு சேர்ந்திருந்தது. 11,500 ரூபாய். அப்போது வந்தது 2016 நவம்பர் 8 இரவு எட்டு மணி, பழைய ஐந்நூறு ரூபாய் நோட்டு செல்லாது என்ற அறிவிப்பு.

நான் எழுந்தே நின்றுவிட்டேன். எத்தனையோ பேர் அந்த இரவைப் பற்றி எழுதிவிட்டார்கள். ஆனால் ஒரு பெண்ணின் தப்பிக்கும் வழி முழுவதும் புடவையின் ஓரத்தில் இருந்தபடியே செல்லாமல் போனதை யாரும் எனக்குச் சொன்னதில்லை. வங்கியில் மாற்றலாம், ஆனால் அடையாள அட்டை நகல் வேண்டும். அது கணவனின் பீரோவில். எப்படியோ எடுத்துக்கொண்டு அவள் வரிசையில் நின்றது நவம்பர் 16. ஒருவருக்கு 4,500 ரூபாய்தான் என்ற உச்சவரம்பு இருந்த நாள்கள். ஒன்பது நோட்டை மாற்றினாள். மிச்சம் பதினான்கு, 7,000 ரூபாய். அதோடு முடியவில்லை. ஒரே ஆள் மறுபடி மறுபடி வரக் கூடாது என்று வலது ஆள்காட்டி விரலில் மை வைக்கச் சொல்லி அதற்கு முந்தைய நாள்தான் அரசு அறிவித்திருந்தது. தேர்தலுக்கு வைப்பார்களே, அதே மை.

ஆக, அன்று மாலை அவள் விரலில் மையோடு வீட்டுக்குப் போகிறாள்.

அவள் பிறகு என்ன செய்தாள் என்று தையல்காரருக்குத் தெரியவில்லை. நீலப் புடவை அதன் பிறகு வரவில்லை என்றார். எனக்கு நடுப்பகுதி கிடைத்துவிட்டது. இதுபோல யாராவது உங்கள் கையைப் பிடித்துக் கதையைத் திருப்பிவிட்ட அனுபவம் இருந்தால் எழுதுங்கள்.

மூன்றாவது வரிசை:

எனக்கு எழுத வராது, பார்க்கத்தான் வரும். 1991இல் வந்த 'ஸ்லீப்பிங் வித் தி எனிமி' படத்தை வாடகைக் கேசட்டில் சித்தி வீட்டில் பார்த்தோம். நான்சி பிரைஸ் எழுதிய நாவல்தான் அதற்கு மூலம். குளியலறைத் துண்டுகள் ஒரே மட்டத்தில் தொங்க வேண்டும், அலமாரியில் டப்பாக்கள் அணிவகுத்து நிற்க வேண்டும் என்று அடிக்கும் கணவன். தண்ணீரைக் கண்டாலே நடுங்குகிறவள் என்று அவன் நம்பும் மனைவி புயலில் படகிலிருந்து கடலில் விழுந்து "இறந்துபோகிறாள்". அவனுக்குத் தெரியாமல் நீச்சல் வகுப்புக்குப் போய்வந்தது நமக்குப் பிறகுதான் தெரிகிறது.

இந்தப் படத்தில் நான் வியக்கும் இடம் புயல் அல்ல, ஒரு தொலைபேசி அழைப்பு. நீச்சல் வகுப்பில் கூடப் படித்த ஒரு பெண் துக்கம் விசாரிக்கக் கணவனை அழைக்கிறாள். பாவம், நல்லெண்ணத்தோடுதான். நீந்தத் தெரிந்தவள் எப்படி மூழ்கினாள் என்று அவன் மண்டைக்குள் விளக்கு எரிகிறது. அவளைக் கரைசேர்த்த அதே நீச்சல்தான் அவளைக் காட்டியும் கொடுக்கிறது. அந்திமந்தாரை சொன்ன மை இந்த ரகம்தான். வெளியிலிருந்து ஒரு தற்செயலைக் கொண்டுவந்து போட்டால் இந்தக் கச்சிதம் வராது.

1995, 1996 இரண்டே ஆண்டுகளில் இந்தியில் இதைத் தழுவி 'யாரானா', 'அக்னி சாட்சி', 'தரார்' என்று மூன்று படங்கள் வந்தன. அவற்றில் அவள் பக்கத்தில் நிற்கும் இன்னொரு ஆணுக்கும் பெரிய இடம் கொடுக்க வேண்டியிருந்தது, நட்சத்திரங்கள் ஆயிற்றே. மூலப் படத்தில் கடைசியில் அவனைச் சுடுவது அவள்தான்.

துண்டுகளை இழுத்து நேராக்கும் காட்சி வந்தபோது சித்தி எழுந்து சமையலறைக்குப் போய்விட்டாள், படம் முடியும்வரை வரவில்லை. கதை பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்தேன். அந்த வீட்டு வாசலில் செருப்புகள்கூட ஒரே கோட்டில் நிற்கும். சித்தப்பா போன பிறகுதான் அது எனக்கு உறைத்தது.

பழைய ஏட்டம்மா:

அனைத்து மகளிர் காவல் நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். 1992இல் சென்னை ஆயிரம் விளக்கில் தமிழகத்தின் முதல் மகளிர் நிலையம் தொடங்கிய சில வருடங்களில் எங்கள் ஊருக்கும் ஒன்று வந்தது. கதை எழுதுகிறவர்கள் எல்லாரும் அடியாட்களை அனுப்பித் தேடுகிறார்கள். நிஜத்தில் கணவன் முதலில் வருவது எங்களிடம்தான். காணவில்லை என்று புகார் கொடுக்க.

ஒருவர் நினைவில் நிற்கிறார். சட்டை கசங்கவில்லை, குரல் உயரவில்லை. எங்கள் எல்லாருக்கும் டீ வாங்கி வந்திருந்தார். என்ன நிறப் புடவை கட்டியிருந்தாள் என்று கேட்டேன். தெரியவில்லை. உடம்பில் அடையாளம்? யோசித்தார். எவ்வளவு பணம் எடுத்துப் போனாள் என்று கேட்பதற்குள் ரூபாய் கணக்கைச் சொல்லிவிட்டார். அவள் கைப்பேசியின் அட்டைப்பெட்டியை மஞ்சள் பையில் போட்டு வைத்திருந்தார், கைப்பேசியை அடையாளம் காட்டும் ஐஎம்இஐ எண்ணுக்கு அடியில் பேனாவால் கோடு போட்டு. எனக்கு அப்போதே வயிற்றைப் பிசைந்தது.

அந்தப் பெண்ணை இரண்டே நாளில் கண்டுபிடித்தோம். மேஜரான பெண், விருப்பப்பட்டுத்தான் வந்தேன், திரும்ப மாட்டேன் என்று வாக்குமூலம் கொடுத்தால் புகார் முடிந்தது. எங்கே இருக்கிறாள் என்று அவனிடம் சொல்லும் கட்டாயம் எங்களுக்கு இல்லை. உங்கள் கதைக்கு உயிர்நாடி இங்கேதான் இருக்கிறது. அவள் மறைந்திருக்கும் இடம் ஒரு காகிதத்தில் ஏறிவிட்டது. அந்தக் காகிதம் ஒரு மேசைமேல் கிடக்கிறது. மேசைக்கு இந்தப் பக்கம் டீ வாங்கிக் கொடுத்த மனிதர்.

இன்னொன்று. அவள் ஏன் ஓட வேண்டும், சட்டம் இல்லையா என்று வாசகர் கேட்பார். 2005ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைச் சட்டத்தில் மனு கொடுத்தால் மூன்று நாளுக்குள் முதல் விசாரணைக்கு எடுக்க வேண்டும், அறுபது நாளுக்குள் முடிக்க முயல வேண்டும் என்று இருக்கிறது. அந்த வீட்டிலேயே குடியிருக்கும் உரிமையும் இருக்கிறது. பெண்கள் உதவி எண் 181க்கு அழைத்தால் எடுக்கிறார்கள். இந்தக் கதவுகளை நீங்கள் கதையில் தட்டிப் பார்க்கவாவது வேண்டும். ஏன் திறக்கவில்லை என்பதற்குப் பெரிய சதியெல்லாம் தேவையில்லை. நிலையத்துப் படிக்கட்டு வரை வந்து, உள்ளே தெரிந்த முகம் ஒன்றைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

கரும்பலகை:

கல்லூரியில் ஆங்கில இலக்கியம் நடத்துகிறேன். ஆன் பிரான்டேயின் 1848 நாவல் 'தி டெனன்ட் ஆஃப் வைல்ட்ஃபெல் ஹால்'. குடிகாரக் கணவனிடமிருந்து மகனைத் தூக்கிக்கொண்டு ஓடி, வேறு பெயரில், படம் வரைந்து விற்றுப் பிழைக்கிறாள் ஒருத்தி. மனைவியின் சம்பாத்தியமும் சட்டப்படி கணவனுக்கே சொந்தமாக இருந்த இங்கிலாந்து அது. கதை அவள் ஓடியதிலிருந்து தொடங்குவதில்லை. பாழடைந்த மாளிகைக்கு யாரோ ஒரு விதவை குடிவந்திருக்கிறாள் என்று ஊர் வம்பு பேசுவதில் தொடங்குகிறது. அவளுடைய நாட்குறிப்பு நடுவில் வந்து உட்கார்ந்து எல்லாவற்றையும் சொல்கிறது.

அந்த நாட்குறிப்பிலேயே அவள் தப்பிக்கும் திட்டமும் இருக்கிறது. கணவன் அதைப் படித்துவிடுகிறான். வண்ணங்கள், தூரிகைகள் எல்லாவற்றையும் நெருப்பில் போடுகிறான். முதல் முயற்சி அங்கே முடிகிறது.

ஒரு மாணவி எழுந்து, "இவ்வளவு கெட்டிக்காரி நாட்குறிப்பை ஏன் மிஸ் வீட்டில் வைத்தாள்?" என்று கேட்டாள். நான் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் கடைசி வரிசையிலிருந்து ஒரு குரல்: "வேறு எங்கே வைப்பாள்?" அந்தப் பெண் அந்த ஆண்டு முழுவதும் வகுப்பில் பேசியது அந்த ஒரு வரிதான். அந்திமந்தாரை, முதல் முயற்சியைத் தோற்கடியுங்கள். கணவன் எவ்வளவு தூரம் போவான் என்பது அப்போதுதான் நமக்கு அளவாகத் தெரியும்.

அரைக்காப்பி:

குறுக்கே பேசுவதற்கு மன்னிக்கவும். மையை மறைக்க மருதாணி வைத்துக்கொண்டாள் என்று எழுதிவிடாதீர்கள், அதுதான் எல்லாருக்கும் முதலில் தோன்றும். அந்த மையில் இருப்பது வெள்ளி நைட்ரேட். தோலில் மருதாணிச் சிவப்புக்குள் ஒருவேளை ஒளியலாம். நகத்தில் மருதாணி ஆரஞ்சாகத்தான் பிடிக்கும், கறுப்புக் கோடு பளிச்சென்று நிற்கும். நகம் வளர்ந்து வெட்டினால்தான் போகும். தேர்தல் வேலைக்குப் போய் என் விரலிலேயே கொட்டிக்கொண்ட அனுபவம்.

பிறகு, அந்த நீலப் புடவை தையல்காரருடையதே இல்லையே?

பெயர் வேண்டாம்:

நான் முதல் முறை காரில் கிளம்பினேன். என் பெயரில் இருந்த கார்தான். முதல் சுங்கச்சாவடியைத் தாண்டி ஐந்து நிமிடத்தில் போன் வந்தது. கோபமே இல்லை. "அந்தப் பக்கம் என்ன வேலை?" ஃபாஸ்டேக் கணவரின் கைப்பேசி எண்ணோடு இணைக்கப்பட்டிருந்தது, சாவடியின் பெயரோடு குறுஞ்செய்தி போயிருக்கிறது. அம்மனுக்கு நேர்ந்துகொண்டதாகச் சொல்லித் திரும்பிவிட்டேன். வழியில் ஒரு கோயிலில் நிறுத்திக் குங்குமம்கூட வாங்கினேன், காட்ட வேண்டுமே.

இரண்டாவது முறை டவுன் பஸ். பெண்களுக்குக் கட்டணமில்லாத டிக்கெட்டில் பெயர் இல்லை, கைப்பேசி எண் இல்லை, யாருக்கும் செய்தி போகாது. நான்கு பஸ் மாறினேன்.

ஓடும்போது எனக்குப் பயமே இல்லை, அடுத்த பஸ் எது என்பதுதான் மனதில் ஓடியது. போய்ச் சேர்ந்த மூன்றாம் நாள் காலை பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது. சத்தம் போட யாரும் இல்லை. அப்போதுதான் கை நடுங்கத் தொடங்கியது, அடுப்பை அணைக்க முடியவில்லை. பயத்தை அங்கே வையுங்கள்.

அந்திமந்தாரை:

எல்லாருக்கும் நன்றி. அரைக்காப்பி, நீங்கள் கேட்ட கேள்வியை நான் அவரிடம் கேட்கவில்லை, கேட்கவும் மாட்டேன்.

முதல் பன்னிரண்டு பக்கத்தையும் கிழித்துவிட்டேன். மழை இரவு இப்போது கதையின் பாதிக்கும் பின்னால் போய்விட்டது, அதுவும் ஒன்றரைப் பக்கம்தான். கதை தையல் மிஷினில் தொடங்குகிறது. வாசகருக்கு முதலில் தெரிவது அடிக்கடி பிரியும் ஃபால்ஸ் மட்டும், அடிக்கிற கணவனை முப்பதாம் பக்கம் வரை நான் காட்டப்போவதில்லை. டீ வாங்கிக் கொடுப்பவரை அப்படியே எடுத்துக்கொள்கிறேன், ஏட்டம்மா அனுமதித்தால். கடைசி அத்தியாயத்துக்குப் பால். பெயர் வேண்டாம் என்றவர் கூடாது என்றால் அதை எடுத்துவிடுகிறேன்.

நேற்று இரவு எழுதியது மை வைத்த மாலை. மருதாணி இல்லை. அவள் வங்கியிலிருந்து வந்ததும் அரிவாள்மனை முன் உட்கார்ந்து வெண்டைக்காய் நறுக்குகிறாள். வேண்டுமென்றே விரலைக் கொடுக்கிறாள், நகத்தோடு சேர்த்து. மஞ்சள்தூளை அப்பி, பழைய வேட்டித் துணியைக் கிழித்துக் கட்டுப் போட்டுக்கொள்கிறாள். அவன் வருகிறான். சாப்பிடுகிறான். மோர் ஊற்றும்போது கட்டைப் பார்த்துவிட்டு, அன்பாகத்தான் கேட்கிறான்.

"அவிழ், மருந்து போட்டுவிடுகிறேன்."

இதற்கு மேல் நேற்று எழுத முடியவில்லை. அவள் இடது கையால் முடிச்சைத் தேடிக்கொண்டிருக்கிறாள்.