பரண் பெட்டியில் இருந்த குடுமி

தஞ்சாவூர்க்காரன்:
பழைய வீட்டைப் பிரிச்சப்போ பரண்ல இருந்த டிரங்குப் பெட்டியைத் திறந்தோம். பத்திரங்களுக்கு அடியில மல்லுத்துணிப் பொட்டலம். பிரிச்சா முடி. ஒரு முழம் இருக்கும், முடிச்சு அவிழாம. பெரியத்தை பார்த்ததுமே, "அது எங்க தாத்தா குடுமிடா"ன்னாங்க. துரை ஆபீஸ்ல குமாஸ்தாவா இருந்தவர். யாரும் வெட்டச் சொல்லலையாம். துரை ஒருநாள் தலையைப் பார்த்துச் சிரிச்சாராம், அவ்வளவுதான். மறுவாரம் கிராப்பு. உதிர்ந்த முடி வீட்டுல கிடந்தாலே ஆகாதுங்கிற குடும்பம். அந்த மனுஷன் இதை எதுக்கு ஒளிச்சு வெச்சார்? அதான் உறுத்துது.

வேலூர்வாசி:
எங்க ஊர்ல சொல்லித்தான் செஞ்சாங்க. 1805 நவம்பர்ல சென்னைப் படைத் தளபதி கிரடாக் சிப்பாய்களுக்குப் போட்ட உத்தரவு: நெத்தியில நாமம், திருநீறு கூடாது, கடுக்கனைக் கழட்டு, தாடியை எடு. கூடவே தோல் வெச்ச புதுத் தலைப்பாகை. மறுத்தவனுக்குச் சவுக்கடி. 1806 ஜூலை 10 விடியறதுக்குள்ள வேலூர்க் கோட்டையில சிப்பாய்க் கலகம் வெடிச்சிடுச்சு. போன மாசம் அந்தச் சிப்பாய்களுக்கு வெச்ச மக்கான் நினைவுத்தூண்கிட்ட பையன் கேட்டான்: "தொப்பிக்காகவாப்பா செத்தாங்க?" எனக்கு வாயே வரலை. அப்போ சென்னை கவர்னர் பெண்டிங். 1835-ல மெக்காலே சொன்ன இங்கிலீஷ் படிப்புக்குத் தலையாட்டினதும் அதே ஆள்தான், பார்த்துக்கங்க.

ஓய்வுபெற்ற வாத்தியார்:
வேலூர்வாசி, பட்டாளமும் குமாஸ்தாவும் ஒண்ணா? குடுமி மதச்சின்னம் இல்லைன்னு பரிஞ்சு எழுதினவர் கால்டுவெல் பாதிரியார். 1844-ல கவர்னர் ஜெனரல் ஹார்டிஞ்ச், இங்கிலீஷ் படிச்சவனுக்கே சர்க்கார் வேலையில முதலிடம்னார். அப்புறம் உத்தரவு எதுக்கு? நம்மாளே நாவிதரைத் தேடிப் போவான். எங்கப்பா பள்ளிக்கூடத்துல தமிழ் பேசினா காலணா அபராதம். ஞாபகம் தப்பின கடைசி வாரத்துல, தாகத்துக்கு என்கிட்ட "வாட்டர், சார்"னார். பெத்த மகன்கிட்ட.

தஞ்சாவூர்த் தம்பிக்கு ஒண்ணு: முடியை பாலிதீன் கவர்ல போடாதீங்க, வேர்த்துப் பூஞ்சை பிடிக்கும். கஞ்சி போடாத வெள்ளைப் பருத்தித் துணியில சுத்துங்க. பாச்சை உருண்டையைத் துணியில முடிஞ்சு ஓரமா வைங்க, முடிமேல படக்கூடாது. இரும்புப் பெட்டி துரு ஏறும், மரப்பெட்டிக்கு மாத்துங்க. பத்திரங்களைத் தனியா எடுத்து வில்லங்கம் போட்டுப் பாருங்க.

வேலூர்வாசி:
ஐயா, நாவிதரைத் தேடிப் போக வெச்சது யாருங்கிறேன்.

தஞ்சாவூர்க்காரன்:
ரெண்டு பேரும் சண்டை போடாதீங்க. அம்மா ஆத்துல விடச் சொல்றாங்க. நான் பாச்சை உருண்டை வாங்கிட்டேன்.