கேசட் கடை போன பிறகு பாட்டுக்குக் காசு எங்கே? குமரிக்காரர்கள் அனுபவம் சொல்லுங்கள்

மார்த்தாண்டம் பழைய ரெக்கார்டிங்

கேசட் காலத்தில் மார்த்தாண்டத்தில் ரெக்கார்டிங் சென்டர் வைத்திருந்தேன். இப்போது அதே கடையில் மொபைல் கவரும் சார்ஜரும் விற்கிறேன்.

அன்று ஆட்கள் ஒரு தாளில் பாட்டு எழுதிக்கொண்டு வருவார்கள். 60 நிமிடக் கேசட் என்றால் பக்கத்துக்கு ஆறு பாட்டு, சின்னதாக இருந்தால் ஏழு. தாளில் இருபது இருக்கும். எதை விடுவது என்று கடையில் நின்றே சண்டை நடக்கும். கேரள எல்லையில் இருக்கிற களியக்காவிளைக்கு அந்தப் பக்கமிருந்து வருகிறவர்கள் ஏ பக்கம் தமிழ், பி பக்கம் மலையாளம் என்று பிரித்துக் கேட்பார்கள். அசல் கேசட்டும் விற்றோம், பதிந்தும் கொடுத்தோம். சட்டம் எங்கள் பக்கம் இல்லை, அது ஊருக்கே தெரியும்.

எம்பி3 வந்ததும் முதலில் செத்தது அந்தத் தாள்தான். 128 கேபிபிஎஸ் தரத்தில் ஒரு நிமிடப் பாட்டு ஏறக்குறைய ஒரு எம்பி. 700 எம்பி சிடியில் 150 பாட்டு கொள்ளும். எதையும் விட வேண்டாம் என்றானதும் பாட்டுப் பெயர் சொல்வதையே நிறுத்திவிட்டார்கள். 'அந்த நடிகர் படம் எல்லாத்தையும் போடுங்க' என்பதோடு சரி. அப்புறம் மெமரி கார்டு. ஒரு ஃபோல்டரை இழுத்துப் போட்டால் வேலை முடிந்தது. 2016 செப்டம்பரில் ஜியோ வந்த பிறகு அதற்கும் ஆள் வரவில்லை.

கேட்கிறவனுக்குக் கொண்டாட்டம், அதில் சந்தேகமில்லை. என் கேள்வி வேறு. நான் விற்ற காலத்தில் காசு கடைக்கும் கம்பெனிக்கும் போனது கண்ணுக்குத் தெரிந்தது. இப்போது யார் கைக்குப் போகிறது? பாடுகிறவர்கள், வாசிக்கிறவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்.

தக்கலை மைக்செட்

அப்பா காலத்திலிருந்தே மைக்செட் தொழில். அவர் இசைத்தட்டுப் பெட்டியைத் தலையில் சுமந்து போனவர். நான் பென் டிரைவோடு போகிறேன். என் மகன் அதுவும் எடுப்பதில்லை, போனை ப்ளூடூத்தில் இணைத்துவிடுகிறான். நடுவில் யாருக்காவது போன் வந்தால் ஊருக்கே ரிங்டோன் கேட்கும்.

எனக்குத் தெரிந்து அடி வாங்கியவர்கள் மெல்லிசைக் குழுக்காரர்கள். தபலா, டிரம்ஸ், கிடார், புல்லாங்குழல் என்று வேனை நிறைத்துக்கொண்டு வருவார்கள். கீபோர்டும் ரிதம் பேடும் வந்தபோது பாதி ஆள் குறைந்தது. இப்போது ஒரு பாடகரும் ஒரு பாடகியும் லேப்டாப்போடு வந்து டிராக், அதாவது முன்பே பதிந்த பின்னணி இசை, போட்டுப் பாடிவிட்டுப் போகிறார்கள். கமிட்டிக்குச் செலவு மிச்சம். சத்தமும் சுத்தமாகத்தான் இருக்கிறது, பொய் சொல்லக் கூடாது. ஆனால் கூட்டம் 'ஒன்ஸ் மோர்' கேட்டால் பல்லவியை நாலு தடவை சுற்றிப் பாட டிராக் விடாது. அது அதன் நேரத்துக்கு முடியும்.

வேலையில்லாமல் போன தபலாக்காரர் ஒருவர் இப்போது என்னிடமே மிக்சர் பார்க்கிறார். காது நல்ல காது. டிஜிட்டல் மிக்சரை டேப்லெட்டில் வைத்துக்கொண்டு கூட்டத்தின் நடுவில் நின்றே சரிசெய்கிறார். சம்பளம் முன்பைவிட நிலையானது என்கிறார். வாசிக்கிறீர்களா என்று நான் கேட்பதில்லை.

குடக்காரன், அகஸ்தீஸ்வரம் பக்கம்

நான் வில்லுப்பாட்டில் குடம் அடிக்கிறவன். பங்குனி, சித்திரை, ஆடி மாதங்களில் கொடை, அதாவது ஊர்க் கோவில் திருவிழா, நிகழ்ச்சிகள், மற்ற நாளில் கொத்தவேலை.

எங்கள் பாட்டு யூடியூபில் நிறையக் கிடக்கிறது. அதில் ஒன்றுகூட நாங்கள் ஏற்றியதில்லை. கொடைக்கு வீடியோ எடுக்க வருகிற பையன்கள் ஏற்றுவார்கள், கமிட்டி ஏற்றும், பந்தலில் உட்கார்ந்திருக்கிற யாரோ ஒருவர் போனில் பிடித்து ஏற்றுவார். லட்சக்கணக்கில் பார்த்ததாகச் சொல்கிற வீடியோவில் எங்கள் அண்ணாவி, அதாவது குழுவின் தலைமைப் பாடகர், பெயர் இல்லை, கோவில் பெயரும் சாமி பெயரும்தான் இருக்கிறது. அதில் அண்ணாவிக்குக் கோபமில்லை, சாமி பெயர் இருந்தால் போதும் என்பார். எனக்குக் கொஞ்சம் உண்டு.

அதே வீடியோவைப் பார்த்துத்தான் தூத்துக்குடிப் பக்கமிருந்து அழைப்பு வந்தது என்பதும் உண்மை. முன்பெல்லாம் ஒரு கொடையில் பாடியதைப் பார்த்தவர்தான் அடுத்த கொடைக்குக் கூப்பிடுவார். இப்போது முகம் தெரியாதவர் போன் செய்கிறார், முன்பணத்தை ஜிபேயில் போட்டுவிடுகிறார். ஆக வீடியோவில் காசு இல்லை, வீடியோவால் காசு வருகிறது. மார்த்தாண்டம் அண்ணாச்சி கேட்டதற்கு என் பதில் இதுதான்.

சங்கடம் வேறு இடத்தில் இருக்கிறது. சுடலைமாடன் கதையோ இசக்கியம்மன் கதையோ எல்லா ஊருக்கும் ஒன்றுபோல இருக்காது. ஏட்டிலேயே வித்தியாசம் உண்டு. இந்தக் கோவிலில் சாமி எந்த வழியாக வந்தது, யார் வீட்டில் தங்கியது, யாருக்குக் குறி சொன்னது என்பதெல்லாம் அந்தந்த ஊருக்குச் சொந்தமான செய்தி. அண்ணாவி முதல் நாளே ஊர்ப் பெரியவர்களிடம் உட்கார்ந்து கேட்டுக்கொள்வார். இப்போது கமிட்டிப் பையன்கள் போனை நீட்டி, 'இந்தக் குழு பாடினது மாதிரி அப்படியே பாடிருங்க' என்கிறார்கள். போன ஆடியில் ஒரு கோவிலில் அப்படித்தான் தொடங்கியது. பாதியில் ஒரு பாட்டி எழுந்து வந்து, 'இது நம்ம மாடன் கதை இல்லயே, இது யாரு கதை?' என்று கேட்டுவிட்டார். அண்ணாவி வில்லை அடிக்கிற வீசுகோலைக் கீழே வைத்துவிட்டு அவரையே சொல்லச் சொல்லிக் கேட்டு, அங்கிருந்து கதையைத் திருப்பினார். அந்தப் பாட்டி இல்லாத ஊரில் என்ன நடக்கும்?

கதையைச் சுருக்குவதைப் பற்றி நான் குறை சொல்லவில்லை. எங்கள் ஒழுகினசேரி கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன் அந்தக் காலத்திலேயே வில்லை மேடைக்குக் கொண்டுபோனவர். மேடைக்கு ஒரு அளவு, கொடைக்கு ஒரு அளவு. ஆனால் 30 விநாடி ரீல்சில் சாமியாடுகிற இடத்தை மட்டும் வெட்டிப் போடுகிறார்கள். அதற்கு முன் மணிக்கணக்காகப் பாடித்தான் அந்த இடத்துக்கு வந்து சேர்கிறோம்.

இன்னொன்றும் சொல்கிறேன், சிரிப்பீர்கள். போனில் எடுக்கிற வீடியோவில் என் குடம் கேட்பதே இல்லை. ஜால்ரா காதைக் கிழிக்கும், உடுக்கை கேட்கும், குடம் மட்டும் டொக் டொக்கென்று தகரம் மாதிரி. சொந்தக்காரர்களே, 'நீயும் அங்க இருந்தியா?' என்று கேட்கிறார்கள்.

ஆல்டோ, நாகர்கோவில்

சர்ச் பாடகர் குழுவில் ஆல்டோ, அதாவது பெண்குரலில் தாழ்ந்த குரல், பாடுகிறேன். 2020 ஊரடங்கில் சர்ச் பூட்டியிருந்தபோது ஆளுக்கொரு அறையில் போனில் பாடி அனுப்பினோம். காதில் ஹெட்போன், அதில் கீபோர்டு டிராக். எங்கள் குழுவில் ஒரு தம்பி எல்லாவற்றையும் அடுக்கி, கட்டம் கட்டமாக முகம் தெரிகிற வீடியோவாக்கினார். பின்னணியில் ஒருவர் வீட்டுச் சேவலும் பாடியது. அதை நீக்க முடியவில்லை, விட்டுவிட்டோம்.

பாடியது தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியாரின் ஒரு கீர்த்தனை. யூடியூபில் ஏற்றிய சில நாளில் ஒரு ஆடியோ நிறுவனம் அதற்கு உரிமை கோரியிருப்பதாக அறிவிப்பு வந்தது. எங்கள் மூத்தவர்களுக்கு அதிர்ச்சி. சாஸ்திரியார் 1864-இல் காலமானவர். நம் சட்டப்படி எழுதியவர் இறந்து 60 ஆண்டு வரைதான் பாட்டுக்குப் பதிப்புரிமை. பாட்டு பொதுச்சொத்து, குரல் எங்களுடையது, கீபோர்டு வாசித்ததும் எங்கள் ஆள். அப்புறம் யாருக்கு என்ன உரிமை?

நடப்பது இதுதான். பழைய பாட்டு பொதுவானது, ஆனால் அதை ஒரு நிறுவனம் பாடவைத்துப் பதிவு செய்தால் அந்தப் பதிவு அவர்களுடையது. அந்தப் பதிவை யூடியூபின் கண்டென்ட் ஐடி என்கிற ஏற்பாட்டில் மாதிரியாகக் கொடுத்துவைத்திருப்பார்கள். அதோடு ஒத்துப்போகிற எதுவானாலும் இயந்திரம் பிடித்துவிடும், சிலசமயம் மெட்டு ஒத்துப்போனாலே போதும். சாஸ்திரியார் எந்த ஆண்டு இறந்தார் என்று அதற்குத் தெரியாது. எங்கள் சேனல் சின்னது, விளம்பர வருமானத்துக்குத் தகுதியே இல்லை. ஆனாலும் உரிமை கோரியவர் நினைத்தால் எங்கள் வீடியோவில் விளம்பரம் ஓடவிட்டுக் காசை எடுத்துக்கொள்ளலாம்.

மறுப்பு எழுதினோம். உரிமை கோரியவருக்கு 30 நாள் அவகாசம். அவர்கள் பதிலே சொல்லாததால் கோரிக்கை தானாக விழுந்துவிட்டது. பயந்து வீடியோவை எடுத்துவிட்ட வேறு சர்ச் குழுக்களை எனக்குத் தெரியும். எடுக்காதீர்கள். ஆசிரியர் பெயர், காலமான ஆண்டு, பாடியது யார், வாசித்தது யார் என்று நாலு வரி எழுதினால் போதும். ஆனால் கீபோர்டுக்குப் பதில் யாரோ விற்கிற கரோக்கே டிராக் போட்டுப் பாடியிருந்தால் இந்த வாதம் நிற்காது, அந்த டிராக்குக்கு உரிமையாளர் உண்டு.

குளச்சல், இப்போது ஷார்ஜா

நீளமாக எழுதத் தெரியாது. ஊரில் கொடை என்றால் எங்கள் ரூமில் ஐந்து பேர் ஒரு போனைச் சுற்றி உட்காருவோம். இங்கே மணி ஒன்றரை மணி நேரம் பின்னால், அதனால் நடுச்சாமப் பூசையைத் தூக்கம் கெடாமல் பார்க்கலாம். பூசை நேரம் பார்த்து லைவ் சுற்ற ஆரம்பித்துவிடும். பந்தலில் எல்லோரும் ஒரே டவரில் போனை நோண்டினால் எப்படி வரும்? ஊர் கேபிள்காரர் இப்போது பிராட்பேண்ட் கொடுக்கிறார், அவரிடம் தனி ஒயர் இழுத்த வருடம் மட்டும் நன்றாக வந்தது. கோவில் வரி கட்டுவதோடு அந்த ஒயர் செலவையும் நாங்களே தருகிறோம் என்று சொல்லியிருக்கிறோம். அப்புறம், லைவில் பாடகர் குழுவுக்கென்று கியூஆர் கோடு ஒன்று வையுங்கள் மக்கா. கோவிலுக்கு மட்டும்தான் வைக்கிறீர்கள்.

வீட்டு ஸ்டுடியோ, நாகர்கோவில்

வீட்டு மாடியில் ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். ஸ்டுடியோ என்றால் ஒரு லேப்டாப், ஆடியோ இன்டர்பேஸ், கண்டென்சர் மைக், சுவரெல்லாம் பழைய மெத்தை. மின்விசிறியை நிறுத்திவிட்டுத்தான் பதிவு, அதனால் மே மாதத்தில் பாடுகிறவர்கள் பரிதாபம்.

சொந்தப் பாட்டு வெளியிடுவது இப்போது சுலபம். விநியோகத் தளம் ஒன்றுக்குக் கட்டணம் கட்டினால் ஸ்பாட்டிஃபை, ஆப்பிள் மியூசிக், ஜியோசாவன் எல்லாவற்றிலும் போட்டுவிடுவார்கள். பெயர் பார்க்கப் பெருமையாக இருக்கும். காசு? ஸ்பாட்டிஃபையில் 30 விநாடியாவது கேட்டால்தான் ஒரு கேட்பு என்று கணக்கு. 2024-இலிருந்து, கடந்த 12 மாதத்தில் 1,000 கேட்புகூடத் தாண்டாத பாட்டுக்கு அங்கே ராயல்டி கிடையாது. எங்களைப் போன்றவர்களுக்கு அந்த ஆயிரமே மலை. அந்த 30 விநாடிக்காகவே இப்போது முன்னிசையை வெட்டுகிறோம். பல்லவியில் மனதில் ஒட்டுகிற வரியை முதலிலேயே போட்டுவிடுவது வழக்கமாகிவிட்டது. எனக்குப் பிடிக்கவில்லை, ஆனாலும் செய்கிறேன்.

வீட்டு வாடகை கொடுத்தது கல்யாணப் பாட்டுகள். மாப்பிள்ளை, பெண் பெயர் வைத்துப் பாட்டெழுதிப் பாடித் தருவது. இப்போது அதிலும் சரிவு. சூனோ போன்ற ஏஐ கருவியில் நாலு வரி தட்டினால் தமிழில் பாட்டு வந்துவிடுகிறது. பெரிய இசை நிறுவனங்கள் 2024-இல் அமெரிக்காவில் சூனோமேல் வழக்குப் போட்டன, தங்கள் பதிவுகளைக் கேட்கவைத்துத்தான் அதைப் பழக்கினார்கள் என்று. அந்த வழக்கு என் வாடிக்கையாளருக்கு என்ன கவலை? அவர் ஏஐ பாட்டோடு என்னிடம் வருகிறார், 'பெயரை மட்டும் சரியாகச் சொல்லவில்லை, அதைத் திருத்தித் தாங்க' என்று. ழகரத்தில் தடுக்கிவிடும். அந்த ஒரு எழுத்து இன்னும் எனக்குச் சோறு போடுகிறது.

குடக்கார அண்ணாச்சிக்கு: போனில் உங்கள் குடம் கேட்காததற்குக் காரணம் உண்டு. போன் மைக் பேச்சைப் பிடிக்கச் செய்தது. தாழ்ந்த ஒலியை இரைச்சல் என்று நினைத்து வெட்டும், சத்தம் கூடினால் தானாகவே அமுக்கும். கேட்கிறவன் போன் ஸ்பீக்கரிலும் அந்த ஒலி வராது. உங்கள் குழு சொந்தமாகச் சேனல் தொடங்கி, ஒரு கதையை முறையாகப் பதிந்து ஏற்றினால், பெயரும் உங்களிடம் இருக்கும், பிறர் எடுத்துப் போட்டால் கேட்கவும் வழியிருக்கும். என்னிடம் வாருங்கள், செலவை அப்புறம் பேசிக்கொள்வோம்.

குடக்காரன், அகஸ்தீஸ்வரம் பக்கம்

தம்பி, அண்ணாவியிடம் பேசிவிட்டேன். ஆடிக் கொடை முடிய வேண்டும், ஆவணியில் வருகிறோம். வில்லோடு எட்டுப் பேர் உங்கள் மாடியில் உட்கார இடம் இருக்குமா பாருங்கள். கதை முழுக்கப் பாடுவோம், வரத்துப்பாட்டு மட்டும் பாடமாட்டோம். சாமி வரும்படி அழைக்கிற பாட்டை மெத்தை அடித்த அறையில் பாட அவர் சம்மதிக்கவில்லை.

வீட்டு ஸ்டுடியோ, நாகர்கோவில்

சரி அண்ணாச்சி. எட்டுப் பேருக்கு இடம் போதாது, பக்கத்துப் பள்ளி ஹாலைக் கேட்டுப் பார்க்கிறேன். குடத்துக்கு இரண்டு மைக் வைக்கிறேன், வாயில் அடிப்பதற்கு ஒன்று, காசால் தட்டுகிற பக்கத்துக்கு ஒன்று. தக்கலை மைக்செட் அண்ணாச்சி, அந்தத் தபலாக்காரரை ஒரு நாள் அனுப்ப முடியுமா?