லேஸ் கிரீடம் காலையில் துவண்டுவிடுகிறது, கிளி நூல் நூலாகப் பிரிகிறது: உதவி வேண்டும்

பட்டர்வொர்த் அம்மா
வணக்கம். தமிழ்ப்பள்ளியில் 2-ஆம் ஆண்டு படிக்கும் மகளுக்கு மாறுவேடப் போட்டி வருகிறது. மீனாட்சி வேடம். இன்னும் 12 நாள் இருக்கிறது. கிரீடம், மேல்கையில் அணியும் வங்கி இரண்டு, கையில் ஒரு கிளி, எல்லாவற்றையும் எம்ப்ராய்டரி மெஷினில் ஃப்ரீஸ்டாண்டிங் லேஸாகவே போடலாம் என்று இறங்கினேன். தண்ணீரில் கரையும் ஸ்டெபிலைசர் (தையலைத் தாங்கும் தாள்) மேல் தைத்து, அப்புறம் அதைக் கழுவி எடுத்தால் துணி இல்லாமல் நூல் மட்டும் நிற்குமே, அந்த முறை.

கிரீடம் காய்ந்ததும் அட்டை மாதிரி விறைப்பாக நின்றது. ராத்திரி மேசைமேல் வைத்துவிட்டுக் காலையில் பார்த்தால் ஐந்து இதழும் வெயிலில் கிடந்த வெற்றிலையாகத் துவண்டு கிடந்தன. தொட்டால் விரலில் ஒட்டுகிறது. கிளி அதைவிட மோசம். தண்ணீரில் விட்டதும் சிறகிலிருந்து பச்சை நூல் ஒவ்வொன்றாகக் கழன்று சேமியா போல மிதந்தது. எங்கே தப்பு செய்கிறேன்?

ஆயர் ஈத்தாம் தங்கை
அக்கா, முழுக்கக் கழுவினீர்களா? கிளி டிசைன் லேஸுக்கென்றே போட்டதா?

பட்டர்வொர்த் அம்மா
முழுக்கக் கழுவவில்லை, தங்கை. கொஞ்சம் மிச்சம் விட்டால்தான் விறைப்பு நிற்கும் என்று ஒரு காணொளியில் சொன்னார்கள். கிளி, மகளின் சட்டைக்குப் போட்ட பழைய டிசைன். அதையே இதில் போட்டேன்.

ஜார்ஜ்டவுன் தையல்காரி
இரண்டு தொல்லைக்கும் காரணம் வேறு வேறு, தங்கச்சி. முதலில் கிரீடம்.

ஸ்டெபிலைசரில் இருப்பது பாலிவினைல் ஆல்கஹால். தண்ணீரில் கரையும் பொருள் காற்றில் உள்ள ஈரத்தையும் குடிக்கும். மிச்சம் விடச் சொன்னவர்கள் காய்ந்த குளிர்நாட்டில் இருந்து சொல்லியிருப்பார்கள். அங்கே அது சரிதான். நம் பினாங்கில் ஒரு ராத்திரி மழை பெய்தால் போதும், அந்த மிச்சம் பசையாகிவிடும். அதனால் கை பொறுக்கும் சூட்டுத் தண்ணீரில், இரண்டு மூன்று தடவை தண்ணீர் மாற்றி, விரலுக்கு வழவழப்பே தெரியாத வரை அலசுங்கள். விறைப்பை வேறு வழியில் கொண்டுவரலாம், கீழே சொல்கிறேன்.

கிளிக்கு வருகிறேன். சட்டை டிசைனில் ஒவ்வொரு தையலும் துணியைப் பிடித்துத்தான் நிற்கும். துணி இல்லையென்றால் பிடிக்க ஒன்றுமில்லை. லேஸுக்கென்று போட்ட டிசைனில் மெஷின் முதலில் குறுக்கும் நெடுக்குமாக ஒரு வலை தைக்கும். அதன் மேல்தான் சாட்டின் தையல், அதாவது நெருக்கமாக நிரப்பும் பளபளப்புத் தையல், ஏறும், வலையைக் கவ்விக்கொள்ளும். திரையில் தையல் வரிசையை ஓடவிட்டுப் பாருங்கள். முதலில் வலை வரவில்லையா, அது லேஸ் டிசைன் இல்லை.

நான் இந்த வேலைக்கு வருவதற்கு முன் நோன்யா கெபாயா (பெரனாக்கான் சீனப் பெண்கள் போடும் பூவேலை மேல்சட்டை) தைக்கும் ஒரு அம்மாவிடம் சில வருடம் உட்கார்ந்திருந்தேன். தெபோக் லுபாங் என்ற துளை வேலையில், ஓரத்தை நெருக்கித் தைத்து, துளைக்குக் குறுக்கே நூல் பாலம் போட்டபிறகுதான் கத்திரிக்கோலையே எடுப்பார். பாலத்தை ஊசி நுனியால் தூக்கிப் பார்ப்பார், ஆடினால் இன்னொரு சுற்று. 2024-இல் கெபாயா யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தபோது எனக்கு அவர் கைதான் ஞாபகம் வந்தது. உங்கள் கிளிக்கும் தேவை அந்தப் பாலம்தான்.

பழைய டிசைனையே வைத்துக்கொள்ள ஆசையா? இரண்டு ஸ்டெபிலைசருக்கு நடுவே அதே பச்சையில் ஒரு மெல்லிய ஆர்கன்சாத் துணி வைத்துத் தையுங்கள். அப்புறம் ஓரமாக வெட்டி, ஊதுபத்தி நுனியால் பிசிறை லேசாகத் தீண்டுங்கள். தையல் நூலில் படக்கூடாது, பாலியெஸ்டர் என்றால் உருகிவிடும்.

விறைப்புக்கு: அலசிய கிரீடத்தைத் துண்டில் ஒற்றி, பெரிய மைலோ டப்பாவில் பிளாஸ்டிக் தாள் சுற்றி, அதன்மேல் வளைத்துக் கட்டி ஃபேனுக்கு அடியில் காயவிடுங்கள். நன்றாகக் காய்ந்தபின் நிறமில்லாத அக்ரிலிக் ஸ்பிரே, மெல்லியதாக இரண்டு பூச்சு, வீட்டுக்கு வெளியே வைத்து. இதழ்களின் பின்பக்கம் ஓரமாக மெல்லிய கம்பியைக் கையால் சுற்றித் தைத்துவிட்டால் ஆடினாலும் மடங்காது. கம்பி முனையை மட்டும் உள்ளே சுருட்டிவிடுங்கள், பிள்ளை நெற்றியில் குத்தும்.

பிரிக்பீல்ட்ஸ் பாட்டி
ஸ்பிரே எதற்கு? சவ்வரிசிக் கஞ்சியில் முக்கி எடுத்தால் பருத்திச் சேலைகூட நிற்கிறதே.

ஜார்ஜ்டவுன் தையல்காரி
சேலைக்குச் சரி, அம்மா. ஒரு நாள் கட்டுவோம், துவைப்போம். கிரீடத்தை எடுத்து வைத்தால் கஞ்சியும் ஈரம் வாங்கும், பூஞ்சை பிடிக்கும். தங்க நூல்மேல் வெள்ளைத் திட்டும் தெரியும். ஒரே நாள் வேடம் என்றால் நீங்கள் சொல்வதும் போதும்.

காஜாங் அண்ணன்
ஒரு விஷயம் சேர்க்கிறேன். இந்த வகை லேஸ் புதிதல்ல. 1880-களில் சுவிட்சர்லாந்தின் சங்க்ட் காலன், ஜெர்மனியின் பிளாவன் பக்கம் பட்டுத்துணி மேல் மெஷினில் தைத்து, அந்தப் பட்டுத்துணியை மட்டும் ரசாயனத்தில் கரைத்து எடுத்தார்கள். கெமிக்கல் லேஸ் என்ற பெயர் அதனால்தான். நமக்கு வெந்நீரே போதுமாக இருப்பது பெரிய வசதி.

தங்கச்சி, தங்க நூலா போட்டீர்கள்? பாபினில் (அடிநூல் சுற்றும் உருளையில்) என்ன நூல்? வங்கி டிசைனைப் பெரிதாக்கினீர்களா?

பட்டர்வொர்த் அம்மா
ஜரிகை நூல்தான், அண்ணா, அடிக்கடி அறுகிறது. பாபினில் வழக்கமான வெள்ளை நூல். வங்கியை மெஷினிலேயே 25 சதவீதம் பெரிதாக்கினேன்.

காஜாங் அண்ணன்
பெரிதாக்கும்போது பல மெஷின்கள் தையலைக் கூட்டாது, இருப்பதை இழுத்துவிடும். தையல்களுக்கு நடுவே 0.4 மில்லிமீட்டர் இடைவெளி 0.5 ஆகிவிடும், லேஸ் தளர்ந்துவிடும். 10 சதவீதத்துக்கு மேல் போகாதீர்கள். வங்கி சின்னதாக இருந்தால் பின்னால் ரிப்பன் கட்டிக்கொள்ளலாம்.

பாபினில் வெள்ளை வேண்டாம். லேஸுக்குப் பின்பக்கம் என்று ஒன்று கிடையாது, திரும்பினால் தெரியும். மஞ்சள் கலந்த தங்க நிறத்தில் சாதாரண பாலியெஸ்டர் நூல் சுற்றுங்கள். மேலே ஜரிகைக்குக் காது பெரிய 90/14 ஊசி, நிமிடத்துக்கு 400 தையல், மேல்நூல் டென்ஷன் (இழுப்பு) கொஞ்சம் தளர்வு. நூல்கண்டு நிமிர்ந்து நின்று பக்கவாட்டில் சுழலட்டும், முறுக்கு ஏறாது.

ஆயர் ஈத்தாம் தங்கை
அக்கா, ஸ்டெபிலைசர் சுருளை மேசையில் திறந்து வைக்காதீர்கள். ஈரம் ஏறினால் ஹூப்பில் (இறுக்கிப் பிடிக்கும் சட்டத்தில்) தொய்ந்துவிடும், ஓரங்கள் ஒன்றோடொன்று சேராது. ஜிப் பையில் சிலிக்கா பொட்டலத்தோடு போடுங்கள். துணி மாதிரி இருக்கும் ரக ஸ்டெபிலைசரில் இரண்டு அடுக்கு வையுங்கள்.

பட்டர்வொர்த் அம்மா
எட்டு நாள் கழித்து வருகிறேன். கிரீடத்தை மூன்று தண்ணீரில் அலசினேன். மூன்றாவதில்தான் வழவழப்பு போனது. மைலோ டப்பா, ஸ்பிரே, கம்பி எல்லாம் சொன்னபடியே. சோதிக்க வேண்டுமென்றே நேற்று ராத்திரி பால்கனியில் வைத்தேன். நல்ல மழை. காலையில் ஐந்து இதழும் நின்றுகொண்டிருந்தன! வங்கியைப் பழைய அளவிலேயே புதிதாகத் தைத்து சிவப்பு ரிப்பன் கட்டிவிட்டேன், ஜரிகை ஒரே ஒரு தடவைதான் அறுந்தது. கிளிக்கு ஆர்கன்சா வைத்தேன், சிறகு அப்படியே இருக்கிறது. அக்கா, அண்ணா, தங்கை, பாட்டி, எல்லோருக்கும் நன்றி. மகள் கிளியைத் தலையணைக்குப் பக்கத்தில் வைத்துத் தூங்குகிறாள். போட்டி வரை தாங்க வேண்டுமே என்று இன்னொரு கிளி தைத்து வைத்திருக்கிறேன்.