சிஸ்டம் போட்ட பிறகு முதலாளிக்குத் தலையிடி கூடுவது ஏன்?

உவர்மலையான்:
திருகோணமலையில் ஒரு சின்ன விநியோகக் கம்பனி நடத்துகிறேன். நிலாவெளி, உப்புவெளி ஹோட்டல்களுக்கு அரிசி, குளிர்பானம், சவர்க்காரம் மாதிரியான சாமான்கள் கொடுக்கிறோம். பில், ஸ்டொக், லொறி எல்லாவற்றையும் ஒரே மென்பொருளுக்குள் கொண்டுவந்துவிட்டோம். கணக்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் மனம் ஆறுதலாக இல்லை. ஸ்டொக் குறைந்தால் போனுக்கு மெசேஜ், விலைக்கழிவு கொடுக்க என் அனுமதி, ஒரு பில்லை ரத்து செய்யவும் என் அனுமதி, கோணேசர் கோயிலில் கும்பிட்டுக்கொண்டு நிற்கும்போதும் போன் அதிர்கிறது. சுற்றுலா சீசன் நேரத்தில் நித்திரையே கிடையாது. வேறு மென்பொருள் வாங்குவதா, மனேஜர் ஒருவரைப் போடுவதா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

கிண்ணியா கணக்கர்:
தம்பி, மென்பொருளுக்கு இன்னும் காசைக் கொட்ட வேண்டாம். எவ்வளவு வரைக்கும் யார் முடிவெடுக்கலாம் என்று நீங்கள் எழுதி வைக்கவில்லை, அதனால் எல்லாம் உங்களிடமே திரும்பி வருகிறது. ஒவ்வொரு ஹோட்டலுக்கும் ஒரு கடன் எல்லை போடுங்கள், அதற்குள் விற்பனைப் பொடியனே பில் போடட்டும், தாண்டினால் மட்டும் உங்களிடம் வரட்டும். கழிவுக்கும் அப்படியே.

அப்புறம், இரவில் முதலாளிமாரை உலுப்புவது பெரும்பாலும் காசுதான். ஹோட்டல்காரர் ஒன்றரை மாதம் கழித்துத் தருவார், ஆனால் நீங்கள் திகதி போட்டுக் கொடுத்த செக் அதற்கு முன்னமே வங்கிக்குப் போய்விடும். ஊழியர் சேமலாப நிதிக்கு உங்கள் பங்கு 12 வீதம், ஊழியரின் பங்கு 8 வீதம், ஊழியர் நம்பிக்கை நிதிக்கு நீங்கள் கட்டும் 3 வீதம், இவை அடுத்த மாத முடிவுக்குள் கட்ட வேண்டியவை. இதையெல்லாம் தலையில் வைத்திருக்காமல், வரும் 13 வாரத்துக்கும் எந்த வாரம் எவ்வளவு வரும், எவ்வளவு போகும் என்று ஒரு தாளில் போட்டு வெள்ளிக்கிழமை தோறும் திருத்துங்கள். எனக்குத் தெரிந்த முதலாளிமாருக்கு மருந்தைவிட அந்தத் தாள்தான் உதவியிருக்கிறது.

பட்டினத்தெரு:
கணக்கர் நானா சொல்வதற்கு ஆராய்ச்சியும் பக்கபலமாக இருக்கிறது. வேலை அழுத்தத்தை ஆராய்ந்த ராபர்ட் கராசெக் 1979 இல் எழுதியதைத்தான் இன்னமும் படிப்பிக்கிறார்கள்: வேலைப்பளு கூடி, அதை எப்படிச் செய்வது என்று தீர்மானிக்கும் உரிமை குறையும்போதுதான் ஆளை உடைக்கிறது. பிரித்தானிய அரச ஊழியர்களைப் பல வருடங்கள் ஆராய்ந்த மைக்கேல் மார்மொட் குழுவும், பதவி குறையக் குறைய இருதய நோய் கூடுவதைக் கண்டது. பொதுவாக மேலே இருப்பவருக்குத் தன் நேரம் தன் கையில் இருக்கும். உவர்மலை அண்ணாவின் நேரமோ இப்போது போனின் கையில் இருக்கிறது. கவுண்டரில் நிற்கும் பிள்ளைகளையும் யோசியுங்கள், எதற்கும் உங்கள் பதிலுக்குக் காத்திருந்து, காத்திருக்கும் வாடிக்கையாளரிடம் ஏச்சு வாங்குவது அவர்கள்தானே?

மீன்வாடி:
நான் கொஞ்சம் மாறிச் சொல்கிறேன். அனுமதியை விட்டுக்கொடுத்தவுடன் நிம்மதி வராது, ‘என்ன நடக்குதோ’ என்ற வேறு பயம்தான் வரும். பில் போடுபவர் காசு வாங்கக் கூடாது, காசு வாங்குபவர் ஸ்டொக் எண்ணக் கூடாது, இந்தப் பிரிவு முதலில் வேண்டும். சொல்லாமல் போய் இடைக்கிடை சில சாமான்களை மட்டும் எண்ணிப் பாருங்கள். ஆட்களை நம்பலாம், ஆனால் நம்புவதற்கு ஒரு வழி வேண்டும் அண்ணை.

உப்புவெளி அக்கா:
கணக்கெல்லாம் சரி தம்பி, நித்திரை இல்லாமல் எத்தனை நாளைக்கு ஓடுவீர்கள்? தொடர்ந்து இப்படியென்றால் முதலில் டொக்டரைப் பாருங்கள். மனம் விட்டுப் பேச 1926 என்ற இலக்கம் இருக்கிறது, தேசிய மனநல நிறுவனத்தின் சேவை. வெட்கப்பட ஒன்றுமில்லை.

உவர்மலையான்:
எல்லோருக்கும் மிக்க நன்றி. கடன் எல்லையை இந்த வாரமே போடுகிறேன், ஆனால் சீசனில் ஹோட்டல்கள் வழக்கத்தைவிட அதிகம் எடுப்பார்களே, அப்போது எல்லையையும் கூட்டுவதா நானா?

கிண்ணியா கணக்கர்:
பழைய பாக்கியைத் தீர்த்தவருக்கு மட்டும் கூட்டுங்கள், அதுவும் சீசன் முடியும் செப்டெம்பர் வரைக்கும் என்று திகதி போட்டு. ஒக்டோபரில் தானாகவே பழைய எல்லைக்கு இறங்குகிற மாதிரி மென்பொருளில் போட்டுவிட்டால், நீங்கள் யாரிடமும் முகம் முறிக்கத் தேவையில்லை.