லைடன் இல்லாத மேடைக்கு செக்ஸ் பிஸ்டல்ஸ் என்று பெயர் போடலாமா?

தேய்ந்த கேசட்

செக்ஸ் பிஸ்டல்ஸ் என்ற பிரிட்டிஷ் பங்க் குழுவின் கிட்டார் கலைஞர் ஸ்டீவ் ஜோன்ஸுக்கு மணிக்கட்டு முறிந்து, 2025 செப்டம்பரில் தொடங்க வேண்டிய அமெரிக்கப் பயணம் தள்ளிப்போய்விட்டது. அந்தச் செய்திக்குக் கீழே ஆளாளுக்கு மோதிக்கொண்டதில் செய்தியே காணாமல் போனது, அதனால் தனி இழையாகத் தொடங்குகிறேன்.

பின்னணி தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. லண்டன் ஷெப்பர்ட்ஸ் புஷ்ஷில் புஷ் ஹால் என்று ஒரு சின்ன அரங்கம், சில நூறு பேர்தான் நிற்கலாம். அது பண நெருக்கடியில் மாட்டிக்கொண்டபோது, 2024 ஆகஸ்டில் ஜோன்ஸ், டிரம்ஸ் வாசிக்கும் பால் குக், பேஸ் வாசிக்கும் கிளென் மேட்லாக் மூவரும் அதற்கு நிதி திரட்ட முன்வந்தார்கள். கேலோஸ் குழுவில் பாடிய ஃப்ராங்க் கார்ட்டரைச் சேர்த்துக்கொண்டு குழுவின் 1977 ஆல்பத்தை இரண்டு இரவு முழுதாக வாசித்தார்கள். அப்போது அறிவிப்பில் நான்கு பேருடைய பெயரும் தனித்தனியாக இருந்தது, அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை, நல்ல காரியம். ஆனால் அடுத்த மாதமே பிரிட்டன் சுற்றுப்பயணம், 2025இல் ஜப்பான், ஆஸ்திரேலியா, ராயல் ஆல்பர்ட் ஹால், டவுன்லோட் திருவிழா என்று வளர்ந்தபோது போஸ்டரில் செக்ஸ் பிஸ்டல்ஸ் என்று பெரிய எழுத்தில் வந்துவிட்டது, பக்கத்தில் ஃப்ராங்க் கார்ட்டர் பெயர்.

இதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. குழுவின் பழைய பாடகர் ஜான் லைடன் உயிரோடு இருக்கிறார், இன்னமும் பாடிக்கொண்டும் இருக்கிறார். அந்தப் பாட்டுகளின் சொற்கள் அவருடையவை. ‘அனார்க்கி’ பாட்டின் தொடக்கத்தை ஒருமுறை போட்டுக் கேளுங்கள், கிட்டார் இறங்கி வந்ததும் அவர் ‘ர’வை உருட்டி ஒரு சொல் சொல்லிவிட்டு ஒரு சிரிப்புச் சிரிப்பார். அந்தச் சிரிப்பு எவ்வளவு நல்ல பாடகன் வந்தாலும் வராது. மேடையில் அவர் கூனி நின்று முறைத்ததும் நடிப்பு இல்லை, ஏழு வயதில் மூளைக்காய்ச்சல் வந்து மாதக்கணக்கில் ஆஸ்பத்திரியில் கிடந்து நினைவையே இழந்து திரும்பிய பையனின் உடம்பு அது. இந்த ஏற்பாட்டை அவரே கரோக்கே என்று சொல்லிவிட்டார். நானும் அந்தப் பக்கம்தான்.

துருவேறிய ஊக்கு

கேசட் அண்ணா, உங்கள் பதிவுகளைப் படித்துத்தான் நான் இந்த இசைக்கே வந்தேன், ஆனால் இதில் ஒத்துப்போக முடியாது.

நீங்கள் கேட்ட அந்த ஆல்பத்தில் சுவர் மாதிரி எழும்பி நிற்கும் சத்தம் யாருடையது? ஸ்டீவ் ஜோன்ஸ் ஒரே பாட்டுக்குக் கிட்டாரைத் திரும்பத் திரும்ப வாசித்து அடுக்கடுக்காகப் பதிந்தது. கிறிஸ் தாமஸ் தயாரிப்பில் அந்தப் பொறுமைக்குப் பல நாள் செலவானது. பேஸ் கிட்டார்கூடப் பெரும்பாலும் ஜோன்ஸ்தான். மேட்லாக்குக்குப் பதிலாக பேஸுக்கு வந்து, போஸ்டரில் முகமாக நிற்கும் சிட் விஷியஸ் அந்த நாட்களில் பாதி மஞ்சள் காமாலையோடு ஆஸ்பத்திரியில் இருந்தார். அடியில் அசையாமல் தாங்குவது குக்கின் டிரம்ஸ். பாட்டுகளில் பெரும்பாலானவற்றுக்கு நான்கு பேர் பெயரும் சேர்ந்தே எழுதியவர்களாகப் பதிவாகியிருக்கிறது, லைடன் பெயர் மட்டும் இல்லை.

இன்னொன்று. ஜோன்ஸும் குக்கும் பள்ளிக்கூட நாளிலிருந்து சேர்ந்து வாசித்தவர்கள், மேட்லாக்கும் அதற்குள் வந்துவிட்டார், லைடன் 1975இல் கடைசியாகச் சேர்ந்தவர். மேலாளர் மால்கம் மெக்லாரனின் கிங்ஸ் ரோடு கடையில் ஜூக்பாக்ஸ் முன்னால் நிறுத்தி, ஓடும் ஆலிஸ் கூப்பர் பாட்டோடு சேர்ந்து பாடச் சொல்லித்தான் அவரை எடுத்தார்கள். வேறொருவர் பாட்டை நின்று பாடுவது கரோக்கே என்றால் அவருடைய முதல் நாளும் அதுதான். ஆனால் அன்றைக்கு அந்த மூவர் அவரிடம் ஒரு நெருப்பைப் பார்த்தார்கள், அவரைத் தேர்ந்தெடுத்தது இவர்கள் காது. அதே காது இன்றைக்குக் கார்ட்டரைத் தேர்ந்தெடுத்திருக்கிறது.

நள்ளிரவு ரேடியோ

டிரம்புக்கு ஓட்டுப் போடுவேன் என்று சொன்ன ஆளை இன்னும் எதற்குத் தலையில் தூக்கி வைத்துக்கொள்ள வேண்டும்? எனக்கு லைடன் அன்றோடு முடிந்துவிட்டார்.

தேய்ந்த கேசட்

ரேடியோ, அவருடைய அரசியல் எனக்கும் பிடிக்கவில்லை, அதை மறைக்க மாட்டேன். ஆனால் ஒருவர் 60 வயதுக்கு மேல் யாருக்கு ஓட்டுப் போட்டார் என்பதை வைத்து 20 வயதில் எழுதிய பாட்டை அவரிடமிருந்து பிடுங்க முடியாது. அந்த வழியில் போகவேண்டாம்.

கேம்டன் வாசி

நான் போனேன், அதனால் பார்த்ததை மட்டும் சொல்கிறேன். 2024 செப்டம்பர், கென்டிஷ் டவுன் ஃபோரம், எங்கள் வீட்டிலிருந்து நடக்கும் தூரம். போகும்போது நானும் கேசட் மாதிரிதான் இருந்தேன், டிக்கெட் எடுத்ததே என் தம்பி, பாதியில் கிளம்பிவிடலாம் என்று பேசிக்கொண்டுதான் உள்ளே போனோம்.

ஜோன்ஸ் அதிகம் அசையவில்லை, கால்களை அகட்டி ஒரே இடத்தில் நின்றார், வயது 69. ஆனால் அந்தக் கை முதல் பாட்டில் கம்பிகளில் இறங்கியதும் என் நெஞ்சுக்கூடு அதிர்ந்தது, உவமைக்குச் சொல்லவில்லை, உண்மையிலேயே சட்டைப் பொத்தான் அதிர்வதை விரலால் தொட்டுப் பார்த்தேன். வீட்டில் எத்தனை ஸ்பீக்கர் வைத்தாலும் அது கிடைக்காது. கார்ட்டர் பாதியில் மேடையை விட்டுக் கூட்டத்துக்குள் இறங்கிவிட்டார். எனக்கு இரண்டு ஆள் தள்ளி ஒரு பெரியவர், எழுபதை ஒட்டி இருக்கும், கண்ணாடியைக் கழற்றி மகள் கையில் கொடுத்துவிட்டு ஒவ்வொரு வரியையும் கத்திக்கொண்டிருந்தார். கார்ட்டர் அவர் பக்கம் வந்தபோது மைக்கை அவர் வாய்க்கு நேரே நீட்டினார். பெரியவர் அந்த ஒரு வரியை விடாமல் பாடி முடித்தார், மகள் அழுதுகொண்டிருந்தாள்.

கார்ட்டர் லைடனைப் போலப் பாட முயலவே இல்லை, முறைக்கவில்லை, கூனவில்லை, தன் குரலில் பாடினார். அதனால்தான் எனக்குப் பிடித்தது. அந்த ‘ர’வை உருட்டியிருந்தால் நானும் வெளியே போயிருப்பேன்.

தேய்ந்த கேசட்

கேம்டன், உங்கள் அனுபவத்தை நான் குறைத்துச் சொல்லவே மாட்டேன். ஆனால் நீங்கள் சொல்வது நல்ல கச்சேரி நடந்தது என்பதற்குச் சாட்சி, பெயருக்குச் சாட்சி ஆகாது. மூன்று பேர் பெயரையும் கார்ட்டர் பெயரையும் போட்டு அதே கச்சேரியை நடத்தியிருந்தால் உங்கள் சட்டைப் பொத்தான் அதிராமலா இருந்திருக்கும்?

பேஸ் கிட்டார்

மேட்லாக்கைப் பற்றி யாரும் பேசாததால் நான் பேசுகிறேன், பத்து வருடமாக பேஸ் வாசிக்கிறேன், எனக்கு அவர்தான் குரு.

‘ப்ரெட்டி வேகன்ட்’ பாட்டின் அந்தத் தொடக்க இழுப்பு அவருடையது, அபா குழுவின் ஒரு பாட்டைக் கேட்டுத்தான் அது தோன்றியது என்று அவரே சொல்லியிருக்கிறார். 1977 பிப்ரவரியில் அவர் வெளியே போனார், அவர் இடத்துக்கு பேஸை ஒழுங்காகப் பிடிக்கத் தெரியாத சிட் வந்தார். பாட்டுக்கு மெட்டுப் போட்டவர் போனபோது குழுவின் பெயர் போகவில்லை, ஒருவரும் கேட்கவில்லை. பாடுகிறவர் போனால் மட்டும் பெயர் போய்விடுமா? கேட்கிற எல்லாருக்கும் குரல்தான் குழு, பின்னால் நிற்பவன் யாராக இருந்தாலும் சரி என்ற நினைப்பு இருக்கிறதே, அது என்னைப் போல ஓரத்தில் நின்று வாசிக்கிறவர்களுக்குத்தான் வலிக்கும்.

தேய்ந்த கேசட்

இது நியாயமான கேள்வி. சிட்டைக் கொண்டுவந்தது தப்பு என்றுதான் நான் என்றைக்கும் நினைக்கிறேன், அதன் பிறகு உருப்படியான புதுப் பாட்டு எத்தனை வந்தது என்று விரல் விட்டு எண்ணலாம்.

ஆனால் பாடகர் இல்லாமல் அந்தப் பெயர் எப்படி இருந்தது என்பதை நாம் ஏற்கெனவே பார்த்துவிட்டோம். 1978 ஜனவரி 14, சான் பிரான்சிஸ்கோ வின்டர்லேண்ட் மேடையில், ஏமாற்றப்பட்ட உணர்வு வந்ததுண்டா என்று கூட்டத்தைக் கேட்டுவிட்டு லைடன் போய்விட்டார். அப்புறம் என்ன நடந்தது? மேலாளர் மெக்லாரன் அதே பெயரை வைத்து வியாபாரத்தைத் தொடர்ந்தார். ஜோன்ஸும் குக்கும் பிரேசிலுக்குப் போய், ரயில் கொள்ளை வழக்கில் தப்பி ஓடிய ரானி பிக்ஸைப் பாட வைத்தார்கள். மேல் உறையில் செக்ஸ் பிஸ்டல்ஸ் என்றுதான் இருந்தது. அதை யாராவது இன்றைக்கு விரும்பிக் கேட்கிறீர்களா?

மெக்லாரன் மேல் வழக்குத் தொடுத்தவர் லைடன், அது 1986 வரை இழுத்தது. அந்த வழக்கு முடிந்த பிறகுதான் பெயரும் பணமும் குழுவின் கைக்கு வந்தன. எட்டு வருடம் வக்கீலுக்குக் காசு கட்டி மீட்ட பெயரை, மீட்டவரை வெளியே வைத்துவிட்டு மற்றவர்கள் போஸ்டரில் போடுகிறார்கள்.

துருவேறிய ஊக்கு

வழக்கு என்று எடுத்தால் முழுதாக எடுக்க வேண்டும் அண்ணா. 1998இல் நான்கு பேரும், இறந்துபோன சிட்டின் சொத்துக்குப் பொறுப்பானவர்களும் சேர்ந்து ஓர் ஒப்பந்தம் போட்டார்கள், பெரும்பான்மை முடிவு எல்லாரையும் கட்டும் என்பது அதன் சாரம். லைடன் கையெழுத்துப் போட்டார். குழுவைப் பற்றி டேனி பாய்ல் எடுத்த டிவி தொடருக்குப் பாட்டு கொடுக்க மாட்டேன் என்று அவர் நின்றபோது ஜோன்ஸும் குக்கும் நீதிமன்றம் போனார்கள், 2021 ஆகஸ்டில் லண்டன் உயர் நீதிமன்றம் அந்தக் கையெழுத்து செல்லும் என்று சொல்லிவிட்டது. ஒரு குழுவில் நான்கில் மூன்று பேர் ஒரு பக்கம் நின்றால் அந்தப் பக்கம்தான் குழு.

அப்புறம் பணத்துக்காக என்று சிலர் சொல்கிறார்கள். 1996இல் நான்கு பேரும் திரும்பிச் சேர்ந்து ஃபின்ஸ்பரி பார்க்கில் வாசித்தபோது சுற்றுப்பயணத்துக்கு வைத்த பெயரே அழுக்குப் பணம் என்பதுதான். உங்கள் பணத்துக்காகத்தான் வந்திருக்கிறோம் என்று மைக் முன்னால் சொன்னவர் லைடன். இவர்கள் முதல் மேடையே ஓர் அரங்கத்தைக் காப்பாற்ற, ஆல்பர்ட் ஹால் மேடை புற்றுநோய் வந்த பதின்வயதுப் பிள்ளைகளுக்கான அறக்கட்டளைக்கு.

தேய்ந்த கேசட்

அவர் வெளிப்படையாகச் சொன்னார் தம்பி, அதனால்தான் அன்றைக்கு யாருக்கும் ஏமாந்த உணர்வு வரவில்லை, நான்கு பேரும் மேடையில் இருந்தார்கள், சொன்னது ஒன்று செய்தது ஒன்று என்று இல்லை.

ஒப்பந்தம் செல்லும், அதை நான் மறுக்கவில்லை. பாட்டைப் படத்துக்குக் கொடுப்பதைச் சட்டம் தீர்க்கலாம். அந்த வழக்கு நடந்த நேரத்தில் லைடன் வீட்டில் அல்சைமர் வந்த மனைவியை முழு நேரமும் பார்த்துக்கொண்டிருந்தார், 2023 ஏப்ரலில் மனைவி இறந்தார். அந்த மனிதர் அப்போது எந்த நிலையில் இருந்தார் என்பதையும் நினைக்க வேண்டும் என்றுதான் சொல்கிறேன். நாற்பத்தைந்து வருட நட்பு நீதிமன்றத்தில் போய் நின்றதில் யார் ஜெயித்தாலும் எனக்குச் சந்தோஷம் இல்லை.

நான் கேட்பது ஒன்றுதான். 1977இல் ராணியின் வெள்ளிவிழா நடக்கும்போது ‘காட் சேவ் த குயின்’ பாட்டு வந்தது, பிபிசி தடை போட்டது, அப்படியும் இரண்டாம் இடத்துக்கு ஏறியது. அதே ஜூன் மாதம் லைடனை மதுக்கடை வாசலில் மடக்கிக் கத்தியால் கிழித்தார்கள். எழுதிய சொல்லுக்கு ரத்தம் கொடுத்தவர் அவர். அந்தச் சொல்லை இன்னொருவர் அதே பெயரின் கீழ் நின்று பாடுவது சரியா?

துருவேறிய ஊக்கு

அதே வாரம் பால் குக்கை ஷெப்பர்ட்ஸ் புஷ் ஸ்டேஷன் வாசலில் இரும்புக் கம்பியால் அடித்தார்கள். தலையில் தையல் போட்டார்கள். அவர் ஒரு சொல்கூட எழுதவில்லை, டிரம்ஸ் வாசித்ததற்காக அடி வாங்கினார். 47 வருடம் கழித்து அதே ஷெப்பர்ட்ஸ் புஷ்ஷில் ஓர் அரங்கத்தைக் காப்பாற்ற அதே பாட்டை வாசித்திருக்கிறார். அவருக்கு அந்தப் பெயரைப் போட்டுக்கொள்ள உரிமை இல்லையா?

பேஸ் கிட்டார்

இதைத்தான் நானும் சொல்ல வந்தேன்.

தேய்ந்த கேசட்

குக் அடி வாங்கியதை நான் மறந்தே போனேன், எழுதும்போது மனதில் லைடன் மட்டும்தான் இருந்தார், அது என் தப்புதான். ரத்தம் கொடுத்தவர் அவர் மட்டும் என்ற வரியைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். குக்குக்கு உரிமை உண்டு. மூன்று பேருக்கும் உண்டு. என் பிரச்சினை, நான்காவது ஆள் உயிரோடு இருந்து வேண்டாம் என்று சொல்லும்போது, அவருடைய இடத்தை வெற்றிடமாகக்கூட விடாமல் பெயரை முழுதாகப் போடுவது. இதில் நான் மாறவில்லை.

நள்ளிரவு ரேடியோ

டெட் கென்னடிஸ் குழுவினர் 2001இலிருந்தே பழைய பாடகர் ஜெல்லோ பியாஃப்ரா இல்லாமல் அதே பெயரில் வாசிக்கிறார்கள். பஸ்காக்ஸ் குழுவில் பாடகர் பீட் ஷெல்லி 2018இல் இறந்த பிறகு கிட்டார் வாசிக்கும் ஸ்டீவ் டிகிள் பாடுகிறார். அங்கெல்லாம் கேட்காத கேள்வியை இங்கே மட்டும் ஏன்?

தேய்ந்த கேசட்

டெட் கென்னடிஸிலும் கேட்கிறேன், பியாஃப்ரா இல்லாமல் நான் பார்க்க மாட்டேன். பஸ்காக்ஸ் வேறு. இறந்தவரின் நண்பன், முதலிலிருந்து கூடவே நின்றவன், பாட்டை எடுத்துக்கொண்டு போகிறான், அதில் யாரையும் வெளியே நிறுத்தவில்லை.

கேம்டன் வாசி

ஒரு விஷயம் மட்டும். தள்ளிப்போன அந்த அமெரிக்கப் பயணத்தின் முதல் இடம் டல்லஸில் உள்ள லாங்ஹார்ன் பால்ரூம், 1978 ஜனவரி 10 அன்று லைடனும் சிட்டும் நின்ற அதே மேடை. செய்தியைப் படித்தபோது எனக்கு உடனே தோன்றியது, அந்த மேடையில் ஜோன்ஸும் குக்கும் மறுபடி ஏறும்போது நடுவில் பார்க்கும் இடத்தில் யாரை நினைப்பார்கள் என்பதுதான். லைடன், சிட் இரண்டு பேருமே அங்கே இருக்க மாட்டார்கள். கச்சேரி எனக்குப் பிடித்தது, மறுபடியும் போவேன், ஆனாலும் கேசட் சொல்வதில் அந்த இடம் மட்டும் எனக்கு வலிக்கிறது.

துருவேறிய ஊக்கு

எனக்கும் வலிக்காமல் இல்லை. லைடன் வந்து நின்றால் முதல் ஆளாகக் கை தட்டுவேன். ஆனால் அவர் வரும்வரை எழுபதை ஒட்டிய மூன்று பேரை வீட்டிலேயே உட்காரச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மணிக்கட்டு உடைந்ததைக் கேட்டபோது பயமாகிவிட்டது, அந்தக் கை திரும்பக் கிட்டாரைப் பிடிக்குமா என்று. கூடட்டும் முதலில். புதுத் தேதி வந்தால் இந்த இழையிலேயே போடுகிறேன்.

தேய்ந்த கேசட்

போடு தம்பி. ஜோன்ஸின் கை சீக்கிரம் கூட வேண்டும், அதில் நம் எல்லாருக்கும் ஒரே கட்சி. போஸ்டரில் நான்கு பெயரையும் தனித்தனியாகப் போட்டால் முதல் வரிசை டிக்கெட்டுக்கு நானும் நிற்பேன்.